அர்த்தம் இல்லாத ஓர் ஏணி

இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கும்போதே பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை முன்னே பின்னே விழுந்தால் போதும், சொல்லாததைச் சொன்னதாகிவிடும். ஆகவே முன்கூட்டியே பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுவது என்னவென்றால்: இதில் ஏணி என்று வருகிற இடத்திலெல்லாம் அது ஏணிதான். இரண்டு பக்கமும் கால், நடுவில் படி, அவ்வளவுதான். அதற்கு மேலும் யாருக்காவது ஏதாவது தோன்றினால் அதற்குத் தோன்றியவரே பொறுப்பு.

அந்த ஊரில் புரட்சி வந்து, வென்று, நாற்காலியில் உட்கார்ந்தும் ஆகிவிட்டது. புரட்சியின் சின்னம் ஏணி. ‘எல்லோரும் மேலே’ என்பது முழக்கம். கொடியில் ஏணி, சோப்பில் ஏணி, தபால் உறையில் ஏணி. நாகரிகம் தெரிந்த பெண்கள் காதில் ஏணிக் கம்மல் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தலையை ஆட்டினால் கன்னத்தில் குத்தும். ஆனால் யாரும் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. புருஷன் படம் எடுப்பார். பெண்டாட்டி, படத்துக்குப் பின்னால் தொங்குகிற திரைத்துணியை வரைவாள். தெருவில் அவளுக்குத் திரைக்காரி என்று பெயர். நாலு எழுத்து படிப்பதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். எதற்கும் பயப்படுவாள். கதவு தட்டினால் பயம், தட்டாவிட்டால் ஏன் தட்டவில்லை என்று பயம். இத்தனை காலமும் அவள் வரைந்த குளத்தில் ஒரு வாத்து மிதந்தது. ஊரில் பாதிப்பேர் அந்த வாத்துக்கு முன்னால் நின்றுதான் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில் ஓர் உத்தரவு வந்தது. இனி எந்த ஸ்டூடியோவிலும் மக்களுக்குப் பின்னால் ஏணியே நிற்கவேண்டும், காலதாமதமின்றி.

திரைக்காரி வாத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் புதுத்துணியில் ஏணி வரைந்தாள். நல்ல உயரமான, கம்பீரமான ஏணி. அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திரைத்துணி சுவரோடு நின்றுவிடாது. மேலே மூங்கிலில் தொங்கி, சுவர் வழியாக இறங்கி, தரையிலும் விரிந்து கிடக்கும். படம் எடுக்க வருகிறவர் அதன் மேல்தான் நிற்பார். அப்படிச் செய்யாவிட்டால் சுவரும் தரையும் சேர்கிற இடம் படத்தில் கோடாக விழுந்து அசிங்கமாகிவிடும். எனவே ஏணியின் மேல்படிகள் சுவரில் நின்றன, கீழ்ப்படிகள் தரையில் கிடந்தன. இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்துக்கடை ஃப்ரேம்காரருக்குத் தோன்றியது.

அவர் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பவர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதற்குள் இன்னொரு படம் இருக்கிறது என்பார். தெருவில் அவருக்கு அறிவாளி என்று பெயர், அதை அவரும் மறுத்ததில்லை. ஏணியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“தங்கச்சி! எப்படித் துணிஞ்சே?”

“என்னண்ணே?”

“கீழ்ப்படியை எல்லாம் தரையிலே சாய்ச்சுட்டியே! மேலே போனவன் போயாச்சு, கீழே நிக்கிறவனுக்குக் கால் வைக்கப் படியே இல்லைங்கிறே. அதானே?”

“ஐயய்யோ, துணியைத் தரை வரைக்கும் விரிக்கணும்ணே. இல்லைன்னா கோடு விழும்.”

ஃப்ரேம்காரர் ஒரு கண்ணைச் சிமிட்டினார். “அப்படித்தான் சொல்லணும். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு.”

மறுநாளிலிருந்து ஸ்டூடியோ வாசலில் கூட்டம். புரட்சியால் ஒரு பயனும் அடையாதவர்கள் வந்தார்கள். பயன் அடைந்துவிட்டு இன்னும் கொஞ்சம் அடைந்திருக்கலாமே என்று வருந்துகிறவர்களும் வந்தார்கள். ஏணிக் கம்மல் போட்ட பெண்கள் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு, வெளியே போகும்போது மறுபடி மாட்டிக்கொண்டார்கள். போகிறவர்கள் எல்லோரும் திரைக்காரியின் கையை அழுத்திப் பிடித்து, காதோரம் குனிந்து, “நாங்க உங்க பக்கம்தான்” என்றார்கள். சத்தமாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அழுத்தி அழுத்தி அவள் கைதான் வீங்கிப்போயிற்று.

கூட்டம் இருந்தால் அதிகாரி வருவார். சின்னங்கள் பராமரிப்பு இலாகாவின் அதிகாரி வந்தார். திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் நெற்றியில் வியர்த்தது.

“இதுல என்ன தப்புன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா நான் வாயால சொன்னா அது எனக்கே தோணினதா ஆயிடும். அதனால நீயே சொல்லிடு.”

“தப்பு ஒண்ணும் இல்லீங்களே ஐயா.”

“இல்லைன்னா இத்தனை பேர் ஏன் வர்றாங்க?”

“படம் எடுக்கத்தாங்க.”

“பாத்தியா, மறைக்கிறே.” அவர் குரலைச் சரிசெய்துகொண்டார். “இந்த ஏணிக்கு அர்த்தம் ஏதும் இல்லை என்று நிரூபணமாகும் வரை, உன் புருஷன் இலாகா பெஞ்சில் அமர்ந்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். கைது என்று நினைத்துவிடக் கூடாது. கைது வேறு, அமர்தல் வேறு.”

“எப்ப எழுந்திருக்கலாம் ஐயா?” என்று புருஷன் கேட்டார்.

“அமர்ந்த பிறகுதானே எழுந்திருப்பதைப் பற்றிப் பேச முடியும்?”

நியாயமாகத்தான் இருந்தது. அவர் கேமராவைத் துணிபோட்டு மூடிவிட்டு, “அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தில் அத்தனை பேரும் அவர் பக்கம்தான் என்பதால், ஒதுங்கி நின்று மரியாதையாக வழிவிட்டார்கள்.

திரைக்காரிக்குப் பாலும் பொங்கியது, கண்ணும் பொங்கியது. அர்த்தம் இல்லாத ஏணி ஒன்றை வரைந்துவிட்டால் மனிதர் வீடு வந்து சேர்வார். அவ்வளவுதானே?

முதலில் துணியைத் தூக்கிக் கட்டினாள். கீழ்ப்படிகள் சுவருக்கு வந்தன. ஸ்டூடியோ கூரை தாழ்வானது, அதனால் மேல்படிகள் மூங்கிலில் சுருண்டுகொண்டன.

அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தார். “ஏணி எங்கே போகுது?”

“கூரைக்குங்க.”

“கூரையிலே போய் முட்டுதா? புரட்சி இதுக்கு மேலே போகாதுங்கிறியா?” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “இதை நீ சொன்னதா வச்சுக்கோ.”

சின்ன ஏணியாக இன்னொரு துணியில் வரைந்தாள். ஏணி என்றால் எதன் மேலாவது சாயவேண்டும். சுவரில் சாய்த்தாள். சுவர் ஏறிக் குதிப்பவன் யார், திருடனா என்று அதிகாரி கேட்டார். மரத்தில் சாய்த்தாள். பழம் பறித்துத் தின்கிறது யார் என்று கேட்டுவிட்டு, கேட்ட வேகத்தில் காதைப் பொத்திக்கொண்டார். மேகத்தில் சாய்த்தாள். அதைப் பார்த்து அவர் ஒன்றுமே கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டார். கடைசியில், எதன் மீதும் சாயாத தற்சார்புள்ள ஏணியே வரையப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வரைந்தாள். அது வெட்டவெளியில் தன்னந்தனியாக நின்றது.

“அடடா!” என்றார் ஃப்ரேம்காரர் தெருவில் இருந்தவர்களைக் கூட்டி. “எப்ப விழும்னு கேக்கிறா பாருங்க!”

கூட்டம் இரண்டு பங்காயிற்று. ஏணியில் ஆள் இல்லாததால்தானே இத்தனை பேச்சு என்று அதிகாரி ஓர் ஆளை ஏற்றச் சொன்னார். அதிலும் வில்லங்கம். ஏறுகிற ஆளின் முதுகுதான் தெரியும், அதுவும் முதுகுக்குக் கீழே இருப்பது நன்றாகவே தெரியும். மேலே போனவர் மக்களுக்குக் காட்டுவது இதைத்தானா? திருப்பி வரைந்தால் முகம் தெரிந்தது. ஆனால் முகம் நம்மைப் பார்த்தால் ஆள் இறங்குகிறார். புரட்சியில் யாராவது இறங்குவார்களா?

சோற்றுத் தூக்குடன் அவள் இலாகாவுக்குப் போனாள். நீளமான தாழ்வாரம். சுவரில் ஒரு படமும் இல்லை, மாட்டினால் யாராவது பார்த்துவிடுவார்களே. பெஞ்சின் ஒரு முனையில் புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார்.

“ஏங்க, நான் தொட்டதெல்லாம் வினையா முடியுதே. கைய வெட்டிப் போட்டுடலாமான்னு இருக்கு.”

“அட, விடு. ஏணியும் வேண்டாம், கோணியும் வேண்டாம். பழைய வாத்தையே மாட்டிடேன்.”

“வாத்தா!” அவள் அவர் வாயைப் பொத்தினாள். “வாத்து மேலே அசையாம இருக்கும், தண்ணிக்கு அடியிலே காலை உதைச்சுக்கிட்டே இருக்கும். ஊமையா இருக்கிற ஜனங்க உள்ளுக்குள்ளே என்னமோ பண்றாங்கன்னு சொல்லிட்டா? அதுவுமில்லாம குளம் தேங்கின தண்ணி. ஓடாம நின்னுபோச்சுன்னு ஆயிடும்.”

புருஷன் சோற்றுக் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “நீயும் இவங்களை மாதிரியே பேசறியே.”

பின்னால் நாற்காலி நகர்ந்தது. அதிகாரி எழுந்து வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை இலாகாவில் யாரும் கண்டதில்லை.

“அம்மா, ஒரு வாத்துலேருந்து இவ்வளவும் எடுத்தது நீங்களா? இதுவரைக்கும் நீ, வா, போன்னு கூப்பிட்டதை மன்னிக்கணும். இங்கே ஒரு பரிசோதகர் நாற்காலி ரொம்ப நாளா காலியா கிடக்கு. படிச்சவங்க வர்றாங்க, ஆனா போதுமான பயம் இல்லை. இந்த வேலைக்குப் பயம்தாம்மா கண்.”

அவள் கேட்டாள்: “இவரை விட்டுடுவீங்களா?”

“பரிசோதகர் வீட்டுக்காரர் பெஞ்சிலே உட்காரலாமா? தாராளமா போகலாம். இலாகாவிலே யாரும் ‘அர்த்தம் இல்லை’ன்னு கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. உங்க ஏணிக்கு நீங்களே போட்டுக்கலாம். ஒரே ஒரு சிக்கல்.” அதிகாரி பெஞ்சைத் தடவினார். “இது காலியா இருந்தா அதுக்கும் ஓர் அர்த்தம் வந்துடும். புரட்சியைப் பத்தி யாருக்கும் குறையே இல்லை, அதனால இலாகாவே வேண்டாம்னு. நீங்க யாரையாவது பாத்து...”

திரைக்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் எழுந்து நிற்க முயன்று, மரத்துப்போன காலைத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை.

ஃப்ரேம்காரர் வாசலுக்கே வந்து வரவேற்றார். “தங்கச்சி, உள்ளேயே புகுந்துட்டியாமே! கெட்டிக்காரி! இனி நமக்கு என்ன பயம்?” அவருடைய கடைச் சுவரின் நடுவில் தங்கமுலாம் பூசிய பெரிய சட்டம் ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே படம் இல்லை. இப்போது அறிவாளிகள் வீட்டிலெல்லாம் அப்படி மாட்டுவதுதான் நாகரிகம்.

“இது என்னண்ணே?”

“வெறும் சட்டம்தாம்மா. விக்கிறதுக்கு.”

“அப்படித்தான் சொல்லணும்,” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இத்தனை தங்கம் பூசியும் உள்ளே ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டாள். அறிவாளிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் தோன்றவில்லை. பெஞ்சுக்கு அழைத்துப்போகும்போது, சுவர்ப்பக்கமாக உட்காருங்க அண்ணே, மற்ற பக்கம் ஆணி இருக்கு என்று எச்சரிக்கவும் செய்தாள். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு நாள் கழித்து ஃப்ரேம்காரர் மனைவி அழுதுகொண்டு வந்தாள். “அக்கா, அவரு வர என்னதான் வழி?”

“இலாகாவிலே இன்னொரு நாற்காலி காலியாகுதாம்,” என்றாள் திரைக்காரி. “உனக்குப் பயம் இருக்கா?”

“நெறைய இருக்கு அக்கா.”

“அப்ப மனு போடு. வேலைக்கு எடுக்கிற வரைக்கும் அண்ணன் இருக்கட்டும்.”

தெருவில் எல்லோரும் அவளுக்கு வணக்கம் வைத்தார்கள், இப்போது சத்தமாகவே. ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் ஏணிக்குத் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நாளைக்கே இந்த அதிகாரி போய் இவரைவிடப் பயந்தவர் ஒருவர் வந்தால்? புருஷன் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தவள், கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

புரட்சியின் மீதுள்ள பேரன்பினால் ஊரார் அனைவருக்கும் இலவசமாகப் படம் எடுத்துத் தரப்படும் என்று அறிவித்தாள். தரை வரை விரிகிற அந்த முதல் துணியையே மாட்டினாள். எத்தனை வரைந்தாலும் அதில் எடுத்தால்தான் கோடு விழாமல் வரும். இலவசம் என்றதும் அதிகாரி குடும்பத்தோடு வந்தார். அவருடைய மேலதிகாரி வந்தார், அவருக்கும் மேலதிகாரி வந்தார். கையை அழுத்தினவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

“எங்கேம்மா நிக்கணும்?” என்று பெரிய அதிகாரி கேட்டார்.

“இங்கேதான் ஐயா. துணி மேலே நல்லா ஏறி நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க.”

அவர் சிரித்தார். படம் அழகாக வந்தது. ஆளுக்கு ஒரு பிரதி கையோடு கொடுத்தாள். இனி அந்த ஏணியில் யார் குற்றம் கண்டுபிடித்தாலும், அதன் மேல் நின்று பல் தெரியச் சிரிக்கிற தன் மூஞ்சிக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்லவேண்டும். ஃப்ரேம்காரரையும் பெஞ்சிலிருந்து கூட்டிவந்து, தலைவாரிவிட்டு, ஓரமாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

எல்லோரும் போன பிறகு புருஷன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஊரே நின்னாச்சு. நீயும் வந்து நில்லேன்.”

“நானா?” திரைக்காரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். “எனக்கென்ன பைத்தியமா?”