உறுமலுக்கு ஏது பிரேக்

"மிதி, ஆர்டித். இன்னும் நல்லா மிதி."

"கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கு, வெர்லின். இதுக்கு மேல மிதிச்சா என் இடுப்புதான் இறங்கும்."

"அப்படியே மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்பு."

எஞ்சின் உறுமியது. பவர் பிரேக் சரியாக இருந்தால், அந்த நொடியில் பெடல் காலுக்குக் கீழே லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லை.

"பிரேக் பூஸ்டர் போச்சு" என்றார் வெர்லின், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

எழுபதாம் வருட மாடல், சிவப்பு வண்டி. சனிக்கிழமை, ஜூலை நாலு, சுதந்திர தின ஊர்வலத்தில் அதுதான் முதல் வண்டி. சர்ச் மேட்டிலிருந்து ஒரே இறக்கம். வண்டிக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியம்.

பழைய கார் சங்கத்துக்கு இந்த வருடம் வெர்லின்தான் தலைவர்; தலைவர் வண்டிதான் ஊர்வலத்தில் முன்னால் போகும். குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் பந்தயக் கார்களுக்கான ஒரு கேம் ஷாஃப்ட் மாட்டியதிலிருந்து, வண்டி நின்றால்கூடக் குலுங்கிக் குலுங்கி உறுமும். அந்த உறுமலுக்கு விழுந்த ஓட்டுகள்தான் எல்லாம்.

புது பூஸ்டர் போட்டார். அதே கல். பூஸ்டருக்குப் போகும் குழாயை மாற்றினார். அதே கல். எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். வண்டி தானாக நகர்ந்து போய், கராஜ் மூலையில் இருந்த துணி துவைக்கும் மெஷினை முட்டியது.

"அடுத்து என்ன, தலைவரே? ஃபிரிட்ஜா?"

கடைசியில் மீட்டரை மாட்டிப் பார்த்தார். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற விசையில்தான் பூஸ்டர் வேலை செய்யும். முள் பாதிகூட ஏறாமல் நடுங்கியது. உறுமலைக் கொடுத்த கேம், உறிஞ்சலைத் தின்றுவிட்டிருந்தது.

"சத்தத்துக்கு ஆசைப்பட்டு மாட்டினியே, அதுதானா?"

"மெதுவாப் பேசு. என்கிட்ட தோத்த க்ளைட் காதுல விழுந்தா மானம் போயிடும்."

"வண்டி அந்தப் பிள்ளைங்க முதுகுல விழுந்தா?"

வியாழக்கிழமை மாலை, டோலோரஸின் ஐஸ்கிரீம் கடையில் வழக்கம்போல் சங்கம் கூடியது. வண்டிகள் ஒவ்வொன்றாக, ராஜ பவனி மாதிரி உறுமிக்கொண்டே ஆமை வேகத்தில் வந்தன. கடை வாசலில் பழைய டயர்களை அடுக்கி, மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருந்தாள் டோலோரஸ். வெர்லினின் வண்டி அதில் மெத்தென்று மோதி நின்றது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தபடி இறங்கினார்.

எல்லோரும் கோன் ஐஸ்கிரீம் வாங்கி உட்கார்ந்ததும் வெர்லின் எழுந்து நின்றார்.

"ஊர்வலத்துல நான் முன்னாடி போகல. என் வண்டி நிக்க மாட்டேங்குது. எல்லாம் அந்தக் கேமால வந்தது. சொல்லவே கூசுது. க்ளைட், நீ முன்னாடி போ."

தேர்தலில் அவரிடம் தோற்று, ஒரு மாதம் பேசாமல் இருந்த க்ளைட், கோனை நக்குவதை நிறுத்தினார்.

"நானா? எனக்கு... முட்டி வலிக்குதுப்பா."

"ஹோமர், நீ?"

"நான் கடைசியா வர்றேனே. அப்பதான்... வால் பக்கம் அழகா இருக்கும்."

"டேய், முதல் வண்டிக்கு அந்த அடி அடிச்சுக்கிட்டீங்களேடா!" என்று கத்தினார் வெர்லின்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஐஸ்கிரீம் உருகிக் கைகளில் வழிந்தது.

ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த டோலோரஸ் தலையை நீட்டினாள்.

"பின்ன, பூ வளக்குற ஆசைலயா, உங்க அத்தனை வண்டியும் முட்டி நிக்கிற இடத்துல நான் டயரை அடுக்கி வச்சிருக்கேன்?"