உள்பக்கமாய் ஒரு வாட்டம்

ஒன்றும் தெரியாதவர்களை ஊர் மன்னித்துவிடும். எல்லாம் தெரிந்தவர் என்று யாராவது நம்மை நம்பிவிட்டால்தான் ஆபத்து. என்னை நம்பியவர் என் மாமனார்.

எண்பதுகளில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு ஹோம் சயின்ஸ் படிச்சிருக்குதுங்க" என்று அப்பா சொல்லிவைத்தார். பிளஸ் டூவில் அந்தப் பாடம் எடுத்தது உண்மைதான். தக்காளி ஜாம் கிண்டவும் கைக்குட்டை ஓரத்தில் பூ தைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். (ஜாம் அடிப்பிடித்தது. பூ, பூரான் மாதிரி வந்தது.) ஆனால் அதியமான்கோட்டையில் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்த மாமனார், அந்த இரண்டு வார்த்தைகளையும் தனித்தனியாகக் கழற்றிப் பார்த்துவிட்டார். ஹோம் என்றால் வூடு. சயின்ஸ் என்றால் விஞ்ஞானம். ஆகவே, மருமகள் வூடு கட்டுகிற விஞ்ஞானம் படித்தவள்.

கல்யாணமான கொஞ்ச நாளில் வீட்டின் பின்பக்கத்தை இடித்துக் கட்ட முடிவானது. சமையலறை, சாமான் அறை, துணி துவைக்க ஓர் இடம், மூன்றும் புதிதாக வேண்டும். கொத்தனார் மாதையன் வந்ததும் "பிளான் யாருங்க போடறது?" என்றார்.

மாமனார் பெருமையாக என்னைக் காட்டினார். "எங்க வூட்லயே இஞ்சினீரு இருக்குது. வெளிய எதுக்கு?"

மாதையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, "வணக்கங்க மேடம்" என்றார். எனக்கு மயக்கம் வராத குறை.

என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். "என்னங்க, எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. மாமாகிட்ட சொல்லிடுங்க" என்று கெஞ்சினேன்.

"எங்கப்பா கடைக்கு வர்ற லாரி டிரைவர் அத்தனை பேருகிட்டயும் சொல்லிட்டாரு. எப்படியாவது சமாளி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

சமாளித்தேன். பாடப்புத்தகத்தில் பார்த்த ஒரு படம் மங்கலாக ஞாபகம் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டு சாமான் அறை. அலமாரி நிறைய ஜாம் பாட்டில்கள். அதே மாதிரி வரைந்தேன். மாதையன் பலகை எவ்வளவு அகலம் என்று கேட்க, ஒரு ஜாம் பாட்டிலை மனதில் நினைத்துக்கொண்டு கையை விரித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் யாரும் ஜாம் சாப்பிட்டதில்லை. ராகிதான், அதுவும் மூட்டை மூட்டையாக.

"ஏன் கண்ணு, மூட்டையை எங்க வெக்கறது?" என்று என் மாமியார் பலகையைத் தடவிப் பார்த்துக் கேட்டார்.

"கீழ வெச்சுக்கலாங்கத்தே. மேல பாட்டில்."

"என்ன பாட்டிலு?"

எனக்கும் தெரியவில்லை. "வாங்கிக்கலாங்க" என்றேன். படித்த பெண் சொல்கிறாள், ஏதாவது காரணம் இருக்கும் என்று அத்தை போய்விட்டார்.

துணி துவைக்கும் இடத்தைச் சமையலறையை ஒட்டியே, கூரைக்குக் கீழே, ஒரு வாசல் வைத்துக் கேட்டேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே துணியைத் துவைத்துவிடலாமே! இந்த யோசனை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

அங்கே தரை போடுகிற வாரம் என் கணவர் ஊருக்கு வரவில்லை. ஓவர்டைமாம். நான் மாதையனுக்கு டீ எடுத்துக்கொண்டு போய், பஸ் போகும் சத்தத்தைக் கேட்டபடி வாசலில் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏங்க மேடம், வாட்டம்?" என்றார்.

வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாத என் முகவாட்டம் இந்த மனுஷனுக்குத் தெரிந்துவிட்டதே!

"இருக்குதுங்க. வெளிய தெரியக் கூடாதுன்னு பாக்குறேன்" என்றேன்.

"அப்ப உள்பக்கமாங்க?"

"உள்ளுக்குள்ளதாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "தண்ணி நிக்குமேங்க?"

கண்ணீரைத்தான் சொல்கிறார் என்று அவசரமாக முந்தானையால் துடைத்துக்கொண்டேன். "அவர் சனிக்கிழமை வந்தா எல்லாம் சரியாயிடுங்க."

"சார் வந்து பாத்துக்குவார்னா சரிங்க" என்று அவர் கொத்துக்கரண்டியை எடுத்தார். எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

புதுச் சமையலறையில் பால் காய்ச்சுகிற நாளும் வந்தது. கணவர் வந்திருந்தார். ஏரியூரிலிருந்து மாமனாரின் தங்கை குடும்பத்தோடு வந்து இறங்கினார். பட்டுப்புடவைகள் சுற்றி நிற்க, நான் அடுப்பைப் பற்றவைத்தேன். ஏரியூர் சின்னத்தை கால் கழுவுவதற்காகப் பக்கத்தில் துவைக்கிற இடத்துக்குப் போனார். அங்கே மாமனாரின் வேட்டிக்கு நான் கரைத்து வைத்திருந்த நீலம், வாளி நிறைய இருந்தது. வாளி காலியாக வேண்டும் என்று அதை அப்படியே தரையில் கவிழ்த்தார்.

நீலம் வெளியே போகவில்லை. நேராக வாசலைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்தது. அவசரமே இல்லாமல் பட்டுப்புடவை ஓரங்களை நனைத்துவிட்டு, சாமான் அறைக்குள் நுழைந்து, ராகி மூட்டையடியில் போய் நின்றது. பால் பொங்கி வழிந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் மாதையா!" என்று மாமனார் கத்தினார். "வாட்டம் எந்தப் பக்கம்யா வெச்ச?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொத்தனார் பாஷையில் வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகப் போடுவது.

பந்திக்காகக் காத்திருந்த மாதையன் எழுந்து வந்தார். "மேடம்கிட்ட கேட்டுட்டுத்தாங்க வெச்சேன். உள்ளுக்குள்ளதான்னாங்க. தண்ணி நிக்குமேன்னேன். கண்ணைத் தொடச்சுக்கிட்டு, அவர் சனிக்கிழமை வந்தா எல்லாம் சரியாயிடும்னாங்க. அதாங்க எனக்கும் புரியல. சார் ஓசூர்ல கம்பெனி வேலைதான பாக்குறாரு?"

என் கணவரின் காது சிவந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். (பிளக்கவில்லை; மாதையன் தரையை அவ்வளவு கெட்டியாகப் போட்டிருந்தார்.) முதலில் சிரித்தது அத்தைதான். நீலப் பாதங்களோடு ராகி மூட்டை மேலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தார். ஏரியூர் சின்னத்தைகூடத் திட்ட ஆரம்பித்தவர் பாதியில் சிரித்துவிட்டார்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "டேய், ஓசூர்ல ஒரு ரூமு பாரு. இந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

அடுத்த மாதமே போனோம். ஒரே அறை. சமையல், சாமான், துணி எல்லாம் அதற்குள்ளேதான். அதில் நான் திட்டம் போட ஒன்றுமே இல்லை என்பதில் என் கணவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் பிளானை முதலில் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். மரியாதை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன வருஷம் என் நாத்தனார் மகன் போனை வைக்க மறந்துவிட்டு இஞ்சினீயரிடம் சொன்னது காதில் விழுந்தது: "அத்தை எதெது நல்லாருக்குன்னு சொன்னாங்களோ, அதையெல்லாம் மொதல்ல மாத்திடுங்க சார்."