டயருக்குத் திரவம் தேர்ந்த படலம்

கடற்கரை மணலைச் சலித்துக் குப்பையைப் பிரித்தெடுக்கும் உயரிய நோக்கத்துடன், புதுச்சேரியின் கடற்கரைத் தூய்மைப் பிரிவு பிரான்சிலிருந்து ஒரு டிராக்டரை வரவழைத்தது. டிராக்டர் வந்தது, தேங்காய்த்திட்டை ஒட்டிய மணலில் இறங்கியது. பின் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குழி பறித்து, அச்சு வரைக்கும் உள்ளே போய்விட்டன.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். பின் டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றினால் கனம் கூடி, சக்கரம் மண்ணைக் கவ்வும். வில்லியனூர்ப் பக்கத்து வயல்களில் டிராக்டர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. அரியாங்குப்பத்து மெக்கானிக் கரீம் பாய் தண்ணீர் விடும் ரப்பர் டியூபைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தண்ணீர்க் குழாயும் எதிரிலேயே இருந்தது.

அந்த நல்ல நேரத்தில்தான் உதவிப் பொறியாளர் லூர்துபிரகாஷ், "இருங்க பாய், எதுக்கும் மேல ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுட்றேன்" என்றார்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். மூலக்குளத்தில் அப்போதுதான் வீடு கட்டிக் குடிபோயிருந்தார். டைல்ஸ்கூட அவரே தேடிப் பிடித்தது. டிராக்டரின் தொடக்க விழா நாளன்று அது ஓடாவிட்டால் ஏனாமில் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று செயற்பொறியாளர் சக்கரபாணி இனிமையாகச் சொல்லி வைத்திருந்தார். ஏனாம் நல்ல ஊர்தான், அழகான ஆறெல்லாம் உண்டு. ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்று பேரே தவிர, அது ஆந்திராவுக்குள்ளே எங்கேயோ கிடக்கிறது, நம் ஆளுக்கோ தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. புதுச்சேரி அரசு ஊழியரிடம் பேயைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஏனாம் என்று சொல்லுங்கள், தண்ணீர் கேட்பார்.

ஆகவே, 'மேற்படி வாகனத்தின் சக்கரங்களில் நிரப்பத் தகுந்த திரவம் எதுவெனத் தெளிவுரை வழங்கிடப் பணிந்து வேண்டுகிறேன்' என்று எழுதினார். தொலைந்தது. இவ்வளவு பணிவான கேள்விக்குத் 'தண்ணீர்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் எழுதினால் மேலிடத்துக்கு என்ன மரியாதை? வல்லுநர் குழு அமைத்தார்கள்.

குழு முதலில் டிராக்டரோடு வந்த கையேட்டைப் பிரித்தது. அது பிரெஞ்சில் இருந்தது. படித்துச் சொல்ல தனிஸ்லாஸ் அழைக்கப்பட்டார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, மாதாமாதம் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். குழுவிலேயே பனி பெய்து நேரில் பார்த்த ஒரே ஆள் என்பதால் அவருக்குத் தலைமை நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. திரவம் குளிரில் உறையக் கூடாது என்று கையேடு சொல்வதாக அவர் படித்துச் சொன்னார்.

"நம்ம ஊர்ல தண்ணி உறையாதே சார்" என்றார் லூர்துபிரகாஷ்.

"இதுவரைக்கும் உறையல" என்றார் சக்கரபாணி. "இனிமேலும் உறையாதுன்னு நீங்க கையெழுத்துப் போடுறீங்களா?"

லூர்துபிரகாஷ் ஏனாமை நினைத்துக்கொண்டார். உறைய வாய்ப்பு உண்டுதான் என்று ஒத்துக்கொண்டார். ஏ.சி.யைப் பதினாறில் வைத்துக்கொண்டு பேசியதால் மற்றவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

தண்ணீர் இப்படியாக நிராகரிக்கப்பட்டது. கையேட்டின் அடுத்த வரி, பனி நாடுகளில் பீட்ரூட் சாறு ஊற்றுவார்கள், உறையாது, இரும்பும் துருப்பிடிக்காது என்றது. அந்த இடத்தில் பிரியாணி வந்துவிட்டதால் மொழிபெயர்ப்பு நின்றது. அதற்கும் அடுத்த வரியில், சர்க்கரையை நீக்கிக் காய்ச்சிய பாகாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து அதை யார் படிப்பார்கள்?

மேலும், ஊரே அப்போது பீட்ரூட் சாறுதான் குடித்துக்கொண்டிருந்தது. பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்த வினோத்குமார் என்பவர் ஒயிட் டவுனில் கடை போட்டு, கண்ணாடிப் புட்டியில் சணல் கயிறு கட்டி அதை விற்றார். சக்கரபாணி ரத்த அழுத்தத்துக்குக் குடித்தார். லூர்துபிரகாஷின் மனைவி லினெட் முகப்பொலிவுக்குக் குடித்தாள். மனிதனுக்கு இவ்வளவு நல்லது செய்வது டயருக்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்று குழு கேட்டது. காய்ச்சாத, எதுவும் கலக்காத, உயிருள்ள சாறு என்று வினோத்குமார் உறுதியளித்தார். அதுதான் வேண்டும் என்றார்கள். கரீம் பாய் ஊற்றிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

விழாவில் டிராக்டரைத் தொடங்கி வைக்க வேண்டிய அரசியல் தலைவர் தேதி கொடுப்பதும் மாற்றுவதுமாக இருந்தார். டிராக்டர் வெயிலில் நின்றது. டயர் நாளுக்கு நாள் உப்பியது. கனம் நன்றாக ஏறுகிறது என்று சக்கரபாணி மகிழ்ந்து, முன்னேற்ற அறிக்கை அனுப்பினார்.

ஒருவழியாக விழா நாளும் வந்தது. தலைவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து டிராக்டருக்கு மாலை போட்டார். டயர் இருக்கும் கோலத்தைப் பார்த்த லூர்துபிரகாஷ், கொஞ்சம் காற்றை இறக்கிவிடும்படி கரீம் பாயிடம் கிசுகிசுத்தார். பாய் வால்வைத் திருகியதும் செக்கச்செவேல் என்று ஒரு பீய்ச்சு. தலைவர், சக்கரபாணி, மாலை எல்லாம் ஒரே நிறமாயின. ஐயோ, அதோடு போகவில்லை, வாசனை வேறு கிளம்பியது. அந்த வாசனையில் நம் ஊருக்கு அனுபவம் உண்டு. கூட்டம் பின்வாங்குவதற்குப் பதிலாக முன்னே வந்தது. ஒரு பெரியவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "கொஞ்சம் புளிப்புத் தூக்கல், ஆனா தேவல" என்று தீர்ப்புச் சொன்னார்.

மதுபானக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து உடனே ஜீப் வந்தது. உரிமம் இல்லாமல் மது தயாரித்த குற்றத்துக்காக டிராக்டருக்குச் சீல் வைத்தார்கள். சக்கரபாணி முகத்தைத் துடைத்துக்கொண்டே, ஏனாமில் வெயில் ஜாஸ்தி, குடை எடுத்துக்கொண்டு போகும்படி லூர்துபிரகாஷிடம் அன்போடு சொன்னார். மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, புது டைல்ஸில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

லினெட் எல்லாவற்றையும் கேட்டாள். "உரிமம் இல்லன்னுதானே சொல்றாங்க? வாங்கிடுங்க. இந்த ஊர்ல சுளுவா கெடைக்கிறது அது ஒண்ணுதான்."

மறுநாள் விண்ணப்பித்தார். தண்ணீர் கேட்டு எழுதியது எத்தனையோ மேசை ஏறி இறங்கியது. இது, வாங்கிய டீ ஆறுவதற்குள் கையெழுத்தாகிவிட்டது. எத்தனை பேர் உட்காரலாம் என்று மட்டும் கேட்டார்கள். டிரைவர் சீட்டு ஒன்று, மட்கார்டு இரண்டு என்றார் லூர்துபிரகாஷ். போதும் என்றார்கள்.

டிராக்டர் புதைந்த இடத்திலேயே கடை ஆனது. வால்வில் சின்னக் குழாய் பொருத்தினார்கள். வினோத்குமார் அதற்கு 'டயர் ஒயின்' என்று பெயர் வைத்தார். வார விடுமுறைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கண்ணை மூடிக் குடித்து, இடது டயரில் ரப்பர் மணம் முன்னே வருகிறது, வலது டயரில் பின்னே வருகிறது என்று விவாதித்தார்கள். குப்பை, குப்பை என்று புகார் எழுதிக்கொண்டிருந்த குடியிருப்போர் சங்கம் இப்போது டிராக்டரை எக்காரணம் கொண்டும் நகர்த்தக் கூடாது என்று மனு கொடுத்தது. பிளாஸ்டிக் கோப்பை முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது.

வருமானத்தைப் பார்த்து மேலிடம் மகிழ்ந்தது. ஏனாம் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் லூர்துபிரகாஷ் கெட்டிக்காரர், அடித்தளத்தைப் பலப்படுத்த நினைத்தார். உட்கார்ந்து ஒரு வெற்றி அறிக்கை எழுதினார். 'இத்திட்டத்தின் நுணுக்கங்களை முழுமையாக அறிந்த ஒரே அலுவலர் யான் என்பதால், என் சேவை இவ்விடம் இன்றியமையாதது' என்று முடித்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு அருமையாக எழுதியதில்லை. மேலே படித்த ஒவ்வொருவரும் உருகிப்போனார்கள்.

பதில் பதவி உயர்வோடு வந்தது. இத்தகைய சிறப்பான திட்டத்தின் பயனை ஒரு பகுதி மட்டும் அனுபவிப்பது முறையல்ல. எனவே நுணுக்கம் அறிந்த ஒரே அலுவலர் உடனடியாக ஏனாம் சென்று அங்கும் தொடங்கி வைக்க வேண்டும்.

"உங்கள யாரு இவ்ளோ நல்லா எழுதச் சொன்னது?" என்றாள் லினெட்.

வழியனுப்பு விழாவை டிராக்டரைச் சுற்றித்தான் நடத்தினார்கள். கரீம் பாய் மட்டும் டீயோடு நிறுத்திக்கொண்டார். தூய்மைக்கு லூர்துபிரகாஷ் ஆற்றிய தொண்டைப் பற்றி சக்கரபாணி நெடுநேரம் பேசினார், எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். லூர்துபிரகாஷும் துக்கத்தோடு கடைசிச் சொட்டுவரை குடித்தார். காலிக் கோப்பையை எங்கே போடுவது என்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தார். மற்றவர்கள் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு, ரயிலுக்குக் கிளம்பினார்.