இடிப்பெட்டி ஐயா

இடி கிளம்புவதற்கு முன்பே அதை மோப்பம் பிடித்த ஒரே மனிதர், தேயிலை ஃபாக்டரியை நடத்தும் எங்கள் டீமேக்கர். வண்டிப்பெரியாரை அடுத்த எங்கள் எஸ்டேட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. இடிப்பெட்டி ஐயா என்று எழுதினால்தான் தபால்கூடப் போய்ச் சேரும்.

எஸ்டேட்டிலேயே ரேடியோ அவர் வீட்டில் மட்டும். அதில்தான் எனக்கு வயிறு எரியும். நான் சரக்கு அனுப்பும் கிளார்க்கு. ரேடியோ பத்திரிகைகளை வரி விடாமல் படித்தவன். ரேடியோவுக்குள் எரியும் வால்வு வேலை செய்யும் விதத்தைப் படம் போட்டே காட்டுவேன். அவரோ வால்வுகளைக் குஞ்சுகள் என்பார். "உள்ள அஞ்சு குஞ்சு இருக்கு தம்பி, இடின்னா வெலவெலத்துப் போகும்." ஆனாலும் கூட்டம் அவர் வாசலில்தான். என் படத்தைப் பார்க்க ஒரு நாய்கூட வராது.

மேகம் திரண்டால் போதும். ஃபாக்டரி டைனமோ கரெண்டு இரண்டு முறை கண் சிமிட்டினாலும் போதும். ஏரியலைக் கழற்றுவார், வயரைப் பிடுங்குவார், ரேடியோவைக் கம்பளியில் சுற்றி, ஈயத்தாள் ஒட்டிய டீப்பெட்டிக்குள் இறக்கி நாலு ஆணி அடிப்பார். ஆணிகளை உள்ளங்கையில் ஏந்தி நிற்பது என் உத்தியோகம். ஐப்பசியில் ஒரு கச்சேரிக்கு ஏழு தடவை அடித்துப் பிடுங்கியதில் நாங்கள் கேட்டது பாடகரின் இருமலை மட்டுமே. இடி குமுளிப் பக்கந்தானே என்று முனகினேன்.

"அங்கேருந்து வர அதென்ன பஸ்ஸுக்கா காத்து நிக்கணும்?"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரேடியோவைச் சுமந்துகொண்டு ஃபாக்டரிக்கே வந்துவிட்டார். வந்ததும் இடி. பாக்கிங் அறையில் ஒரு காலிப்பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டு டைனமோவைப் பார்க்க ஓடினார். சரக்கு லாரி வந்தது. ஆட்கள் அதையும் சேர்த்து ஏற்றினார்கள். தேயிலை ரகம் எழுதாத பெட்டி அது ஒன்றுதான்; ரேடியோ அதற்குள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நாளாவது அவர் வாசல் காலியாகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். லாரி போய்விட்டது.

ஐயா திரும்பி வந்தார். "தம்பி, காலைலயே உன் ரூமுக்கு ஏரியல் கட்டிட்டேன். ரேடியோ இனிமே உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ஆணி அடிக்கத்தானே தெரியும், அதோட பாஷை உனக்குத்தான் தெரியும்."

கொட்டும் மழையில் தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் ஓடினேன், பாதி தூரம் உருண்டேன். காற்றில் விழுந்த மரம் ஒன்று ரோட்டை மறித்து, லாரி நின்றிருந்தது. பெட்டியைத் தலையில் சுமந்து மேலேறி வந்து, வாயை மூடிக்கொண்டிருந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"குஞ்சுக நனையல. நீ தலையத் துவட்டு."

இப்போது அவர் மூணாறு பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். புது ரேடியோ வாங்கியிருக்கிறாராம்; பழையது என் ரூமில்தான். இங்கே மேகம் கூடும்போதெல்லாம், அங்கே அவருக்கு ஆணி ஏந்தி நிற்பவன் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.