மதிலுக்குள் நட்ட காற்றுமானி

படித்தவன் பிழை விட்டால் கூடவே ஒரு விளக்கமும் வைத்திருப்பான். நானும் வைத்திருந்தேன். அதனால்தான் என் மச்சானுடைய மகளின் கல்யாணப் பந்தல் பறந்தது.

யுத்தம் முடிந்து, ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு அலைமேல் பாயத் தொடங்கியிருந்த காலம். எங்கள் காற்றைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, கட்டாரிலிருந்து மகன் ஒரு சிறிய வானிலை நிலையம் அனுப்பியிருந்தான்: காற்றின் வேகத்தை அளக்க ஒரு காற்றுமானி, அளவைக் காட்டக் கையடக்கமான ஒரு திரை.

காற்றுமானிக்கு உயரமும் வெட்டவெளியும் வேண்டும் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவன் நான். கூரைதான் சரியான இடம். ஏணியை எடுத்ததும் மனைவி வந்து நின்றாள்.

“கூரையில ஏறினா பக்கத்து வளவுக் கிணத்தடி அப்படியே தெரியும். பொம்புளயள் குளிக்கிற இடம்.”

“நான் வானத்தைத்தானே பாக்கப் போறன்.”

“அத அவங்கட மாப்புளமாருக்கிட்டச் சொல்லுங்க.”

அவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு ஏறியிருக்கலாம். (கேட்க வெட்கம்.) ஆளுயரத்துக்கும் மேலான மதிலுக்குள், முற்றத்தில் ஒரு கட்டைக் கம்பத்தில் பூட்டினேன். அழகாக இருந்தது. ஆனால் சுற்றவில்லை. ‘அமைதியான காலநிலை’ என்று முடிவு செய்தேன்.

கல்யாணம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்து வீசும் காலத்தில் வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த தென்னந்தோட்டத்தில் பந்தல். மச்சான் கேட்டான்: “மாஸ்டர், இன்னும் நாலு கயிறு போடவா? என்ட இடுப்புச் சாரமே நிக்குதில்ல.”

கையிலிருந்த சிறு திரையைக் காட்டினேன். பூச்சியம். “உணர்ச்சி வேற, அளவீடு வேற மச்சான்.”

பாவம், நம்பிவிட்டான்.

கனமூலை ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், பலர் சேர்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து, முதல் பிடி சோற்றை எடுத்த நேரம் பந்தல் எழும்பியது. முதலில் ஒரு மூலை. பிறகு முழுவதும். துணி தென்னைமரத்தில் போய்த் தொங்க, மணல் புரியாணியில் இறங்கியது. ஒரு கயிற்றின் நுனியைப் பிடித்தபடி நான் கொஞ்ச தூரம் இழுபட்டுப் போனேன். மற்றக் கையில் திரை. அதில் அப்போதும் பூச்சியம்.

மாப்பிள்ளையின் வாப்பா தாடியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “மண் எங்கட ஊரிலயும் இரிக்கிதானே. இதுக்கா இவ்வளவு தூரம் கூப்பிட்டீங்க?”

மச்சானின் முகம் செத்துப்போயிற்று. சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் அவன் தலைகுனிந்தது என்னால்தான். ஆனால் அந்த மனிதர் சஹனில் மேலே கிடந்த மணலை ஓரத்துக்கு ஒதுக்கி, அடியிலிருந்த சோற்றைக் கிளறி எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே கை வைத்தார்கள்.

காற்றுமானி இப்போது பள்ளிவாசல்துறைக் கரையில், மச்சானின் மீன்வாடிக்கு மேலே சுழல்கிறது. ஒவ்வொரு பெருநாளைக்கும் கல்யாண வீடியோவைப் போட்டு, நான் கயிற்றோடு போகும் இடத்தில் நிறுத்துவார்கள். நான் அன்றைய மணப்பெண்ணான மருமகளிடம் திரும்பவும் மன்னிப்புக் கேட்பேன்.

போன பெருநாளைக்கு அவள் சொன்னாள்: “விடுங்க மாமா. இந்தக் குடும்பத்தில எத்தின கல்யாணம் நடந்திச்சு. என்ட வீடியோவ மட்டுந்தானே இன்னும் எல்லாரும் பாக்கிறாங்க.”