கிடங்குக் காவலரின் கர்ப்பம்

பிறர் ரத்தத்தைத் தன் ரத்தமாகவே கருதும் மகான் இப்பூவுலகில் ஒருவர் உண்டென்றால், அவர் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் இயக்குநர்தான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் நாற்காலிக்கு மேலே 'மெஷின் பொய் சொல்லாது' என்ற பொன்மொழி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

அந்த மெஷின்தான் திங்கட்கிழமை ஒரு தானியக் கிடங்குக் காவலரின் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் இருப்பதாக 'அறிவித்தது'. ஆணுக்கு அது இருந்தால் விரையில் கட்டி இருக்கலாம். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாளும் குறித்தாயிற்று. டெக்னீஷியன் அக்கா இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. நம்ம டெஸ்ட் மருந்துல எலியோட ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், சேர்த்திருக்கு. எலி நடுவுல வேலை பாக்கறவர் ரத்தத்துல அதுக்கு எதிர் ஆன்டிபாடி இருக்கலாம். ரெண்டும் ஒட்டிக்கிட்டா மெஷின் ஏமாந்துடும். அப்படி ஒட்டாம தடுக்கற கரைசல் சேர்த்து இன்னொரு தடவை பாத்துடலாமே? அரை மணி நேரந்தான்."

"எலிக்காக மெஷினைச் சந்தேகப்படறதா? நானே ஆராய்ச்சிக்குப் பத்து வருஷம் எலி வளர்த்தவன்மா!"

விஷயத்தின் தீவிரம் கருதி, டெஸ்ட் முடிவில் பிற பொருட்கள் குறுக்கிடாமல் பார்க்க வேண்டிய 'குறுக்கீடு குறைப்புக் குழு' கூடியது. இரண்டு முறை டீ குடித்தது. கரைசல் தேவையில்லை என்றது. அக்கா கேட்கும் கேள்விகளே குறுக்கீடு என்று கண்டுபிடித்து, அவற்றைக் குறைக்கும்படி 'அன்புடன்' எழுதிக் கொடுத்தது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை விருந்தினர்கள் வந்தார்கள். மெஷினின் மகிமையைக் காட்ட இயக்குநர் தன் கையையே நீட்டினார். எல்லா டெஸ்ட்டும் ஓடின. கர்ப்ப ஹார்மோன், காவலரைவிட இரண்டு மடங்கு.

"ரெட்டையோ என்னவோ" என்று ஒரு விருந்தினர் முணுமுணுத்தார்.

இயக்குநர் அக்காவிடம் ஓடினார். "அம்மா, அந்தக் கரைசல் எங்கம்மா?"

"குழு வேண்டாம்னுடுச்சே சார்."

"குழுவைத் தூக்கிக் குப்பைல போடு!"

"அப்ப மறுபடி டெஸ்ட் பண்ண இந்த ரெண்டு ஃபாரத்துலயும் கையெழுத்துப் போடுங்க. முதல்ல காவலர். அவருக்குத்தான் நாளைக்குக் கத்தி."

படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். அரை மணியில் இரண்டு ரத்தத்திலும் ஹார்மோன் இருந்த இடம் தெரியவில்லை. ஆபரேஷன் ரத்தானது.

மறுநாள் காவலர் மனைவியோடு வந்து இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க மட்டும் இல்லேன்னா சார்..."

"அடுத்தவங்க ரத்தமும் எனக்கு என் ரத்தம் மாதிரிதான்பா" என்றார் இயக்குநர்.

சத்தியமான வார்த்தை என்று அக்காவும் ஒப்புக்கொண்டாள். இந்தக் கூடத்தில் ஒருவர் பிழைக்க வேண்டுமானால், அவருக்கு வந்த நோய் கத்தி வைப்பதற்கு முன்னால் இயக்குநருக்கும் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.