மாமன் சீரும் நூறு ஜிபி இடமும்

சொந்தக்காரர்களுக்கு ஓசியில் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பவனைப் போல ஏமாளி உலகத்திலேயே கிடையாது. சரியானால், "என்னத்த செஞ்சான், ரெண்டு பட்டனைத் தட்டுனான்" என்பார்கள். கெட்டுப்போனால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். எனக்கு வாய்த்தது இரண்டாவது.

கீழக்குயில்குடியில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். இருபத்தோரு தட்டு, கொட்டுமேளம், கிடாய் (அதற்கு என்னுடையதைவிடப் பெரிய மாலை) என்று ஊரே பார்க்கச் சீர் கொண்டுபோனேன். விளாங்குடியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மச்சானே, அதாவது அக்கா வீட்டுக்காரரே, எல்லாவற்றையும் படம் பிடித்தார்.

மறுவாரம் அவர் போன் செய்தார். எடிட்டிங் பண்ண முடியவில்லை, கம்ப்யூட்டர் இடமில்லை என்கிறதாம். அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவன் அடியேன். டிஸ்க்கை இரண்டு வால்யூமாக, அதாவது ஒரு வீட்டை இரண்டு அறையாகத் தடுப்பதுபோல, பிரித்து வைத்திருந்தேன். சிஸ்டம் இருந்த பகுதி நிரம்பிவிட்டது, வீடியோ இருந்த பகுதியில் நிறைய இடம் சும்மா கிடந்தது. அதில் நூறு ஜிபியை எடுத்து இதில் சேர்த்தால் தீர்ந்தது.

ஸ்டுடியோவுக்குப் போனபோது மச்சான் காதுகுத்துப் படம் இருந்த கேமரா கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு அந்தக் கார்டு வேண்டும்.

"அழிச்சிருங்க மச்சான். எல்லாம் இதுல பத்திரமா இருக்கு" என்றேன். அந்த வாயில் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

வால்யூமைச் சுருக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்க வேண்டும், பிறகுதான் வால்யூமை. அதாவது சாமான்களை ஒதுக்கிவிட்டு அப்புறம் சுவரைத் தள்ள வேண்டும். நான் நேரே சுவரைத் தள்ளினேன். தகவல் அழியக்கூடும், தொடரவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இதெல்லாம் ஒரு கேள்வியா? அவசரத்தில் இருப்பவனிடம் அப்படிக் கேட்டால் ஆமாம் என்றுதானே அடிப்பான்! நிறுத்திக் கையைப் பிடித்திருக்க வேண்டாமா? அத்தோடு விட்டிருந்தாலும் சுவரைப் பழைய இடத்துக்கே நகர்த்தியிருக்கலாம். நான்தான் சூட்டோடு சூடாக அந்த இடத்தை அடுத்த பகுதியில் சேர்த்து, அதன் மேல் வேறு ஃபைல்களை எழுதியும் முடித்திருந்தேனே.

இரண்டு நாள் மல்லுக்கட்டி மீட்டதில் சாப்பாட்டுப் பந்தி மட்டும் முழுதாகக் கிடைத்தது. சீர் ஊர்வலம் இல்லை. என் மடியில் பையன் வீறிட்டது இல்லை. நாற்பது நிமிடப் படத்தில் நான் ஒரே ஒரு இடத்தில் வருகிறேன், இரண்டாம் தடவை கறிக்குழம்பு கேட்டபடி.

அக்கா அழுதேவிட்டாள். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. அக்காவின் மாமியார்தான் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, நீங்க சீரு கொண்டாந்தீகளா என்ன? வீடியோவுல சாப்பிட்டது மட்டுந்தேன் இருக்கு."

முதல் தட்டைக் கை நீட்டி வாங்கியதே அவர்தான்! இருபத்தோரு தட்டு சுமந்தவனுக்கு இது தேவையா?

மூன்று வருடம் கழித்து அக்கா மகளுக்குக் காதுகுத்து. சீர்ப் பட்டியலை அக்காவே எழுதி அனுப்பினாள். வாழைப்பழத்துக்கும் பட்டுப்பாவாடைக்கும் மேலே, முதல் வரியில், வீடியோவை நகல் எடுத்து வைக்கக் காலி ஹார்ட் டிஸ்க் ஒன்று. வெற்றிலை மேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மேளத்தோடு கொண்டுபோனோம். இப்போது எங்கள் வகையறாவில் யார் வீட்டுக் காதுகுத்தானாலும் மாமன் சீரில் அதுதான் முதல் தட்டு.

அந்தத் தட்டை மட்டும் யாரும் என் கையில் கொடுப்பதில்லை.